கழற்ற மாட்டேன் என்ற ஓவியர்

சண்முகானந்தா அரங்கில் பாட ஏறும் பிள்ளையின் கூச்சத்தை எப்படிப் போக்குவது என்று மும்பை கிங்ஸ் சர்க்கிள் தமிழ் வீடுகளுக்கு நன்றாகவே தெரியும். ஓவியம் வரையும் பிள்ளையின் பயம் வேறு. வெள்ளைக் கித்தான் முன்னால் அது தனியாக நிற்கிறது. ஒரு கோடு பிசகினால் தாங்கிப் பிடிக்கப் பக்கவாத்தியம் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு அக்பர் பதம்சியின் கதையைச் சொல்ல வேண்டும்.

1928-ல் இதே பம்பாயில் பிறந்தவர். ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு 1951-ல் பாரிஸ் போனார். 1954-ல் பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் அவருடைய கண்காட்சி. 'காதலர்கள்' என்ற படத்தில் நிர்வாணமாக ஓர் ஆணும் பெண்ணும்; ஆணின் கை பெண்ணின் மார்பில். ஆபாசம் என்று போலீஸ் வந்தது, கழற்றச் சொன்னது. கழற்றியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். முப்பது வயதுகூட ஆகாத பதம்சி மறுத்தார், கைதானார். மாஜிஸ்திரேட் விடுவித்தார். அரசு விடாமல் உயர் நீதிமன்றம் போனது. அங்கேயும் அவர்தான் ஜெயித்தார்.

அதைவிடப் பெரிய துணிச்சல் என்று நான் நினைப்பது பிறகு நடந்தது. 1959, 60 வாக்கில் வண்ணங்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டுச் சாம்பல் நிறத்தில் மட்டும் வரைந்தார். உடம்பு எங்கே முடிகிறது, பின்புலம் எங்கே தொடங்குகிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் அந்த ஒற்றை நிறத்தின் ஏற்ற இறக்கத்திலேயே காட்டியாக வேண்டும். கொஞ்சம் சிவப்பைத் தீற்றிச் சமாளிக்க வழியில்லை. அப்படி வரைந்த 'கிரீக் லேண்ட்ஸ்கேப்' கிட்டத்தட்ட பன்னிரண்டு அடி அகலம். சக ஓவியர் கிருஷன் கன்னா அதை வாங்கிக்கொண்டார். 2016 ஏலத்தில் அது 19 கோடி ரூபாயைத் தாண்டியது. வரைந்த நாளில் அந்த விலையை யார் கனவு கண்டிருப்பார்கள்?

கோவையில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கரும் இந்த ரகம்தான். நீர்வண்ண நிலக்காட்சிகளில் பேர் வாங்கியவர், சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர். 1963-ல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஜாதகக் கட்டங்களை நினைவூட்டும் கோடும் எழுத்தும் குறியுமாகப் புதுப் பாதையில் இறங்கினார். போலீஸை எதிர்க்க ஒருநாள் வீம்பு போதும். ஊர் மெச்சிய கைப்பழக்கத்தை விட்டுவிட்டு மறுபடி கற்றுக்குட்டி ஆவதற்கு, தினமும் துணிய வேண்டியிருக்கிறது.

பதம்சி 2020 ஜனவரியில், பணிக்கர் பிறந்த அதே கோவையில் காலமானார்.

கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் ரயில் ஏறினால் சி.எஸ்.எம்.டி. நிலையம்; அங்கிருந்து நடக்கிற தூரத்தில், பதம்சி படத்தைக் கழற்ற மறுத்த அதே ஜஹாங்கீர். டிக்கெட் கிடையாது. பிள்ளையைக் கூட்டிப் போங்கள். வீடு திரும்பி அது வரைவது உங்களுக்குப் புரியாவிட்டால், "இது என்னம்மா?" என்று தாராளமாகக் கேளுங்கள். "இப்படியா வரைவாங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.