அனகொண்டா: இலங்கையிலிருந்து போன பெயர்

அனகொண்டா என்றதும் 1997இல் வந்த ஆங்கிலத் திரைப்படமும் அமேசன் ஆறும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பாம்பு தென் அமெரிக்காவுக்குரியது. இலங்கைக் காடுகளில் இல்லை. பெயர் மட்டும் இங்கிருந்து போனது.

1693இல் ஜோன் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் இலத்தீனில் வெளியிட்ட நூலில், நெதர்லாந்தின் லெய்டன் நகரிலிருந்த பாம்புகளின் பட்டியல் ஒன்று இடம்பெற்றது. இலங்கையர் 'அனகண்டையா' என அழைக்கும் பாம்பு ஒன்று அதில் வருகிறது. எருமைகளையும் ஏனைய பெரிய விலங்குகளையும் நெரித்து நொறுக்குவது என்று விளக்கமும் உண்டு. அப்போது இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தரின் கையில் இருந்ததால், பெயர் லெய்டனுக்குப் போனதில் வியப்பில்லை. விளக்கத்தைப் பார்த்தால் அது எங்கள் வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு.

சொல் யாருடையது? 'ஆனை கொன்றான்' என்ற தமிழ்ச் சொல்லே மூலம் என்பது ஒரு கருத்து. 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதியும் இதைக் குறிப்பிடுகிறது. இன்றைய ஆங்கில அகராதிகள் பலவும் 'ஹெனகந்தயா' என்ற சிங்களப் பெயரின் பக்கமே சாய்கின்றன. ஆனால் அந்தப் பெயருக்குரியது கொடிபோல மெலிந்த ஒரு பாம்பு, எங்கள் கண்கொத்திப் பாம்பின் இனம். அது எருமையை எப்படி நெரிக்கும்? பட்டியலில் பெயர்கள் மாறியிருக்கலாம் என்கிறார்கள். தமிழ்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆதாரம் போதாது.

1768இல் 'ஸ்கொட்ஸ் மகசின்' இதழில், இலங்கையில் ஒரு அனகொண்டா புலியொன்றை நெரித்துக் கொன்றதாகக் கதை வந்தது. இலங்கைக் காட்டில் சிறுத்தை உண்டு, புலி கிடையாது என்பது எழுதியவருக்குத் தெரியவில்லைப் போலும். எப்படியோ பெயர் பரவிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்கையியலாளர்கள் அதைத் தென் அமெரிக்கப் பாம்புக்குச் சூட்டினார்கள்.

பிறகு அது போர்ச் சொல்லாகவும் ஆனது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, தென் மாநிலங்களின் துறைமுகங்களை மறித்து, மிசிசிப்பி ஆற்றையும் பிடித்து, அவற்றை மூச்சுத்திணற வைக்கலாம் என்றார் ஜெனரல் வின்பீல்ட் ஸ்கொட். பத்திரிகைகள் அதை 'அனகொண்டாத் திட்டம்' என்று கேலி செய்தன. தெற்கைச் சுற்றி வளைத்த பாம்பாக ஒரு வரைபடமும் அச்சானது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்து, ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு அந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை. 2002 மார்ச்சில் அமெரிக்கப் படைகள் ஆப்கானிஸ்தானில் நடத்திய ஒரு நடவடிக்கைக்கும் இதே பெயர்தான்.