பெர்லின் சுவர்: ராணி இல்லாத ஆட்டம்

செஸ்ஸில் திறப்பு என்றால் மனப்பாடம் செய்த நகர்த்தல்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், எப்படிப்பட்ட ஆட்டத்துக்குள் எதிராளியை இழுப்பது என்ற முடிவுதான் திறப்பு. 2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டி இதற்குச் சான்று. 1985 முதல் பட்டத்தை விடாமல் வைத்திருந்த காரி காஸ்பரோவ், ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியாமல் விளாதிமிர் கிராம்னிக்கிடம் 6.5–8.5 எனத் தோற்றார். கிராம்னிக்கின் இரு வெற்றிகளும் வெள்ளைக் காய்களுடன் கிடைத்தவை. கறுப்பில் அவர் நான்கு முறை நம்பி ஆடியது, அப்போது வழக்கொழிந்து கிடந்த பெர்லின் தற்காப்பை. நான்கும் டிரா.

ரூய் லோபஸ் திறப்பில் வெள்ளையின் பிஷப் கறுப்பின் குதிரைக்குக் குறிவைக்கிறது. பெர்லின் தற்காப்பில் கறுப்போ அதைப் பொருட்படுத்தாமல் இன்னொரு குதிரையை இறக்கி, வெள்ளையின் நடுச் சிப்பாயைத் தாக்குகிறது. காஸ்பரோவ் ஏற்ற வழியில் எட்டாவது நகர்த்தலிலேயே இரு ராணிகளும் வெட்டுப்பட்டு விடுகின்றன. கறுப்பு ராஜா கோட்டை கட்டும் உரிமையை இழந்து நடுவில் நிற்கிறார். கறுப்பின் இரு சிப்பாய்கள் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாகச் சிக்குகின்றன. பார்த்த மாத்திரத்தில் இது வெள்ளைக்குச் சாதகம். ஆனால் ராணி போன பலகையில் நடுவில் நிற்கும் ராஜாவை வேட்டையாடுவது கடினம். வெள்ளை ஒரு பிஷப்பைக் குதிரைக்கு மாற்றிவிட்டதால் இரட்டைப் பிஷப்புகளும் கறுப்பிடமே உள்ளன. ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல்தான். அதைப் பயன்படுத்த நெடுநேரப் பொறுமை வேண்டும். ராணியோடு பாய்ந்து தாக்குவதில் நிகரற்ற காஸ்பரோவுக்கு, அந்த ஆயுதமே இல்லாத களத்தைக் கிராம்னிக் அமைத்துக் கொடுத்தார்.

இது டிராவுக்காகவே ஆடும் சோம்பல் ஆட்டம் என்று குறை சொல்வதுண்டு. 2014இல் சோச்சியில் நடந்த பட்டப் போட்டியின் 11ஆவது ஆட்டம் அதற்குப் பதில். அதே எட்டு நகர்த்தல்களுக்குப் பின், கறுப்பில் ஆடிய விஸ்வநாதன் ஆனந்த் வெற்றியை நாடி யானையைக் கொடுத்துப் பிஷப்பை எடுத்தார். மேக்னஸ் கார்ல்சனோ 45 நகர்த்தல்களில் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். கணினிக் காலத்தில் நினைவாற்றலே எல்லாம் என்ற வாதமும் இங்கே நிற்காது. அந்த எட்டு நகர்த்தல்கள் இருவருக்குமே தெரிந்தவை. ஆட்டத்தைத் தீர்மானித்தது அவற்றுக்குப் பின் வந்த திட்டம். எனவே திறப்பைக் கற்கும் பிள்ளைகளுக்கு நகர்த்தல் வரிசையை மட்டும் கொடுத்தால் போதாது. எந்தக் காயை வெட்டினால் யாருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கவும் சொல்லித்தர வேண்டும்.