பழைய விமானம், பெட்ரோல் மூடி, அதுல ஒரு சின்ன ஓட்டை

இன்னைக்கு எபிசோட் ஒரு மூடியைப் பத்தி. பெட்ரோல் டேங்க் மூடிதான். ஆனா பைக்கோடது இல்லை, கிட்டத்தட்ட 80 வருஷப் பழைய விமானத்தோடது.

விமானம் பேரு பைப்பர் ஜே-3 கப். அமெரிக்காவுல 1938-லிருந்து 1947 வரை தயாரான, மஞ்சள் கலர், ரெண்டு சீட் விமானம். டேங்க் சுமார் 45 லிட்டர், எஞ்சினுக்குப் பின்னாடி, முன் சீட்டுக்கு முன்னாடி இருக்கும். ஃப்யூயல் பம்ப் கிடையாது. பெட்ரோல் தானா கீழே இறங்கி எஞ்சினுக்குப் போகணும். கேஜ்? மிதக்குற ஒரு தக்கை, அதுல ஒரு கம்பி. கம்பி மூடி வழியா வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். அது இறங்க இறங்க பெட்ரோல் குறையுதுன்னு அர்த்தம்.

இந்த மூடியிலதான் காத்து உள்ளே போறதுக்கும் வழி இருக்கு. அது எதுக்கு? வீட்டுல எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்க, எண்ணெய் விட்டு விட்டுத்தான் வரும். அதனாலதான் அம்மா எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுவாங்க. எண்ணெய் போன இடத்துக்குக் காத்து வரணும். டேங்கும் அதே கதைதான்.

சரி, மூடி முழுசா அடைச்சிருந்தா எவ்வளவு நேரம் தாங்கும்? தோராயமா ஒரு கணக்கு போடலாம். பெட்ரோல் மட்டம் கார்புரேட்டரைவிட அரை மீட்டர் உயரத்துல இருக்குன்னு வைங்க. அந்த உயரம் தர்ற அழுத்தம், காற்றழுத்தத்துல வெறும் 3.5 சதவீதம். டேங்குல 10 லிட்டர் காலி இடம் இருந்தா, சுமார் 350 மில்லி பெட்ரோல் வெளியே போனதுமே உள்ளே அழுத்தம் அந்த அளவுக்குக் குறைஞ்சிடும். அப்புறம் பெட்ரோல் இறங்காது. மணிக்கு 16 லிட்டர் குடிக்கிற எஞ்சினுக்கு 350 மில்லிங்கிறது ஒன்றரை நிமிஷம்கூட வராது. டேங்குல பெட்ரோல் நிறைய இருக்கும், எஞ்சின் பட்டினியில நிக்கும்.

விமானம் மேலே ஏறும்போது வெளிக்காத்தோட அழுத்தமும் குறையும், அதனால பிரச்சினை கொஞ்சம் மறைஞ்சிருக்கும். இறங்கும்போது வெளி அழுத்தம் கூடும், நிலைமை இன்னும் மோசமாகும். இறங்கின பிறகு மூடியைத் திறந்தா காத்து உள்ளே போயிடும், எஞ்சின் ஜம்முன்னு ஓடும். நம்ம பாஷையில சொன்னா, டீபக்கரை மாட்டினதும் காணாமப் போற பக்.

இதுல ஒரு வில்லங்கமும் இருக்கு. பழைய மூடியில ரப்பர் கேஸ்கெட் இறுகி, வெடிச்சுப் போயிருக்கும். காத்து ஓட்டை அழுக்குல அடைச்சிருந்தாலும், அந்த வெடிப்பு வழியா காத்து போய் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும். மழைத்தண்ணி உள்ளே போகுதேன்னு நீங்க நல்ல எண்ணத்துல புது கேஸ்கெட் போடுறீங்க. சீல் பக்கா! அன்னைக்குத்தான் எஞ்சின் நிக்கும். ஒரு பக்கை சரிபண்ணப் போய், அது மூடி வச்சிருந்த இன்னொரு பக் வெளியே வருது.

அதனால மாத்தும்போது மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, டேங்க் வாயில பொருந்துதுன்னு கார் மூடியை மாட்டாதீங்க. அந்த மாடலுக்கு அங்கீகாரம் உள்ள பாகமா இருக்கணும், லாக் புத்தகத்துல பதிவாகணும். ரெண்டு, மாட்டுறதுக்கு முன்னாடி காத்து வழியா காத்து நிஜமாவே போகுதான்னு பாருங்க. ஒருவழி வால்வு உள்ள மூடின்னா உள்பக்கம் போகணும், திரும்பி வரக்கூடாது. மூணு, சில பழைய விமானங்கள்ல மூடி மேல வளைஞ்ச குழாய் இருக்கும். அதோட வாய் முன்பக்கம் பார்க்கணும். திருப்பி மாட்டினா எதிர்க்காத்து டேங்குக்குள்ள தள்ளுறதுக்குப் பதிலா, டேங்க்ல இருக்குற காத்தையே உறிஞ்சும்.

செஸ்னா மாதிரி விமானங்கள்ல காத்துக்குழாய் றெக்கைக்குக் கீழே இருக்கும். அதுல குளவி மண்கூடு கட்டினாலே போதும், வழி அடைஞ்சிடும். 1979-ல அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ, பல செஸ்னா மாடல்களுக்குக் காத்து வழி உள்ள மூடியைக் கட்டாயமாக்கினது இதுக்காகத்தான். ஒரு வழி அடைச்சா இன்னொண்ணு இருக்கணும். சர்வருக்கு பேக்கப் வைக்கிற அதே புத்திதான்.

ஆனா கப்புல அந்த பேக்கப் கிடையாது. மூடியில இருக்குற அந்த ஒரு வழிதான். அதனால ஒவ்வொரு தடவை கிளம்புறதுக்கு முன்னாடியும் கம்பியைப் பார்க்கும்போது, ஓட்டையையும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!