பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்! பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு...

எண்ணூர் நெட்டுக்குப்பம். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம்.

இங்கே பழைய படகு வாங்குகிறவர் என்ன செய்வார்? பெயிண்ட்டைப் பார்த்து மயங்குவாரா? அதுதான் இல்லை! குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். கையால் தட்டிப் பார்ப்பார். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். பிறகுதான் விலைப் பேச்சு.

அதே மனிதர் பழைய கார் வாங்கப் போனால்? மேல் பூச்சைப் பார்க்கிறார். சீட் கவரைத் தடவுகிறார். "ஏ.சி. நல்லா வருதா? பாட்டு பாடுதா?" என்று கேட்கிறார். அட்வான்சை நீட்டி விடுகிறார். அங்கேதான் வினை!

எண்ணூரில் பிறந்த கார்!

எண்ணூருக்கும் காருக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. அசோக் லேலண்ட் கம்பெனியைத் தெரியாதவர் வடசென்னையில் உண்டா? லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர் போன அந்தக் கம்பெனி, 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவரால் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது கார் செய்வதற்காகத்தான்! இங்கிலாந்து நாட்டு ஆஸ்டின் ஏ-40 கார்களை 1949-ல் இதே எண்ணூரில் பூட்டி வெளியே விட்டார்கள். 1955-ல் லேலண்ட் கூட்டு வந்தது. பெயர் மாறியது. அப்புறம் லாரி, பஸ் என்று பாதையும் மாறிவிட்டது.

இன்று இதே எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்திலிருந்து புத்தம் புதுக் கார்கள் கப்பல் ஏறி வெளிநாடு போகின்றன. நம்ம ஆளுக்குக் கிடைப்பது என்னவோ செகண்ட் ஹேண்ட் வண்டிதான்!

பழசுக்கு இருந்த மவுசு

1970-களில் பியட் கார் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் ஓட்டிய வண்டிக்குக்கூட கம்பெனி விலையை விட அதிகம் கொடுக்க ஆள் இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993-ல் கார் தொழிலுக்கு இருந்த லைசென்ஸ் கட்டுப்பாடும் நீங்கியது. பழசுக்கு இருந்த அந்த மவுசு போயே போச்சு!

இன்று ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை இறங்குகிறது. எவ்வளவு? இன்சூரன்ஸ் கணக்கைப் பாருங்கள். 6 மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு. 1 வருஷத்துக்குள் 15. 2 வருஷத்துக்குள் 20. 3-க்குள் 30. 4-க்குள் 40. 5-க்குள் சரிபாதி! மார்க்கெட் விலை இதற்குக் கொஞ்சம் மேலே கீழே இருக்கலாம். ஆனால் பேரம் பேச உட்காரும்போது இந்தக் கணக்கு மனதில் இருந்தால் தலையில் மிளகாய் அரைக்க முடியாது.

டாக்டர் ஓட்டிய வண்டி!

"ஒரே டாக்டர் வச்சிருந்தது சார்! ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுப்பாரு!"

இது புரோக்கர்கள் பாடும் பழைய பாட்டு. மீட்டரில் 30 ஆயிரம் கிலோமீட்டர்தான் காட்டும். ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். ஸ்டியரிங் பளபளக்கும். மீட்டரைத் திருத்தலாம், தேய்ந்த ரப்பர் பொய் சொல்லுமா? சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். "தொலைஞ்சு போச்சு" என்றால் உஷார்!

வெள்ளம் குடித்த வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேறு. எத்தனை கார்கள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன! அவை எல்லாம் காயலான் கடைக்கா போயின? கழுவித் துடைத்து, சென்ட் அடித்து, திரும்பவும் விற்பனைக்கு வந்தவையும் உண்டு.

இந்த நிருபரின் சித்தப்பா 2016-ல் சித்தியின் வளையலை அடகு வைத்து ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். தெருவே வந்து பார்த்தது. மூன்றாம் மாதம் ஹெட்லைட் தானாக எரிந்தது. கண்ணாடி இறங்கினால் ஏறவில்லை. மெக்கானிக் மேட்டைத் தூக்கினார். அடியில் காய்ந்த சேறு! ஒயர் முனைகள் எல்லாம் பச்சையாகப் பூத்திருந்தன. கடைசியில் கார் போனது. வளையலும் திரும்பவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். தண்ணீர் நின்ற கறை தெரியும். மேட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியைத் துழாவுங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள்.

உப்புக் காற்று சும்மா விடுமா?

நெட்டுக்குப்பம், திருவொற்றியூர், காசிமேடு போல கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். உப்புக் காற்று அடித்தகட்டை மெல்ல மெல்லத் தின்னும். டிங்கரிங் செய்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்தால் மேலே ஒன்றும் தெரியாது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். பட்டி கனமாக வைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது!

"வித்துட்டேன் சார்!"

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது: "அந்த வண்டியை வித்து ரெண்டு வருஷம் ஆச்சு சார்!"

ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது? அங்கேதான் சிக்கல்! கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று. விற்ற காசு எப்போதோ செலவாகியிருக்கும். வழக்கு மட்டும் வீடு தேடி வரும்!

எனவே விற்கிறவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குகிறவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கு பேங்க் தரும் கடிதமும், பாரம் 35-ம் கைக்கு வராமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் நம்பரைப் போட்டுப் பார்த்து விடுங்கள்.

கார் வாங்குவது தப்பில்லை. மழையில் பிள்ளை குட்டியோடு நனையாமல் போக யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்றே காரியம்: குனிந்து பாருங்கள், முகர்ந்து பாருங்கள், ஆர்.சி.யைப் புரட்டிப் பாருங்கள்.

படகு வாங்கத் தெரிந்தவருக்குக் கார் வாங்கத் தெரியாதா என்ன?