அமிலத்துக்கு அசையாத மஞ்சள்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். ஆண்டுதோறும் புது மாணவர்கள் முன் இரண்டு சோதனைக்குழாய்களை நிறுத்துவேன். ஒன்றில் மஞ்சள் கரைசல், மற்றதில் செவ்வூதா. இரண்டிலும் கோபால்ட் ஒன்றுக்குக் குளோரின் மூன்று. அம்மோனியா மட்டும் மஞ்சளில் ஆறு, ஊதாவில் ஐந்து.

சில்வர் நைட்ரேட் விட்டதும் மஞ்சளில் மூன்று குளோரினும் வெள்ளையாகப் படியும். ஊதாவில் உடனே படிவது இரண்டுதான்.

"மூணாவது எங்க சார் போச்சு?"

இதற்கு 1893இல் விடை சொன்னவர் ஆல்ஃபிரட் வெர்னர். கோபால்ட்டைச் சுற்றி ஆறு இருக்கைகள். ஊதாவில் ஓர் இருக்கையைக் குளோரின் பிடித்துக்கொண்டது, எளிதில் எழாது. சூடாக்கினால் மெல்லக் கழன்று வரும். 1913இல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து அமிலம். தாமிர-அம்மோனியாக் கரைசலின் கருநீலம் அமிலம் பட்டதும் வெளிறிவிடும். ஆற்றல் கணக்குப்படி கோபால்ட்டின் மஞ்சளும் சிதைய வேண்டியதுதான். ஆனால் சாதாரண வெப்பநிலையில் நாள்கணக்கில் அப்படியே இருக்கும்.

மாணவர்களிடம் சொல்வேன்: "சரிவில் நிற்கிற மாட்டுவண்டி இது. உருளத்தான் வேண்டும், சக்கரத்தடியில் கல் கிடக்கிறது. நிற்பதெல்லாம் உறுதி என்று நம்பிவிடாதீர்கள், சில வெறும் மந்தம்!"