விறகுக்குள் நீர்

ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எரிவதற்கு முன் சீறுகிறது. வெட்டுமுகத்தில் நுரை கட்டுகிறது. கண்ணைக் கரிக்கும் புகை வருகிறது. சீறுவது, உள்ளேயிருக்கும் நீர் கொதித்து வெளியேறுவதால்தான். அதை வெளியேற்றும் செலவை விறகே ஏற்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30° செ. வெப்பநிலையிலுள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி, ஆவியாக்க 540 கலோரி, ஆக 610 கலோரி வேண்டும். ஈரமே இல்லாத ஒரு கிலோ மரம் சுமார் 4,500 கிலோகலோரி தரும். பச்சை விறகில் பாதி எடை நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ மரம் தருவது 2,250, அரை கிலோ நீரை ஆவியாக்கப் போவது 305, மிச்சம் 1,945. ஈரம் 15 சதவீதமாகும்வரை காய்ந்த விறகிலோ ஏறத்தாழ 3,730 கிடைக்கும். பச்சை விறகை எடை போட்டு வாங்குகிறவர் பாதிக் காசைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார்!

சரி, வெயிலில் போட்டால் எல்லா நீரும் போய்விடுமா? போகாது. மரத்தில் நீர் இரண்டு வகையாக இருக்கிறது. செல்களின் உட்குழிகளில் குடத்து நீர்போல் நிற்பது ஒன்று. செல் சுவரிலுள்ள செல்லுலோஸ் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டிருப்பது மற்றொன்று. குழியிலுள்ளது முதலில், எளிதாக வெளியேறும். அது தீரும்போது, உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீத நீர் சுவர்களில் மட்டும் எஞ்சியிருக்கும். (மர நூல்களில் ஈரத்தை உலர் எடைக்குத்தான் சொல்வார்கள், நாம் மேலே ‘பாதி நீர்’ என்றது அந்தக் கணக்கில் 100 சதவீதம்!) இதற்குக் கீழே போகும்போதுதான் மரம் சுருங்கும், கட்டையின் முனைகளில் வெடிப்பு விழும்.

சுவரில் ஒட்டிய நீர் காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமானால் மரத்தில் சுமார் 9 சதவீதம் ஈரம் நிற்கும். 80 ஆனால் சுமார் 16. ஆகவே கோடையில் காய்ந்த விறகு, ஐப்பசி கார்த்திகையில் கூரைக்கு அடியில் ஒரு சொட்டு மழையும் படாமல் இருந்தாலும் கனம் கூடும். ஒரு விறகுத் துண்டை இப்போது நிறுத்துக் குறித்து வைத்து, அடைமழையில் மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

கம்மாபுரம் வட்டாரத்து மாணவர்களுக்கு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி புதிதல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட தாவரங்களே அது. பழைய குணம் இன்னும் விடவில்லை. 1956-இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1961-இல் நிலக்கரிப் படிவத்தை எட்டினார்கள். வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி நீர்தான். அனல் மின் நிலையப் புகைபோக்கி வழியே அந்த நீரெல்லாம் ஆவியாய்ப் போகிறது.

‘காயவைத்து எரித்தால் என்ன?’ என்று கேட்பீர்கள். இங்கேதான் சங்கடம். காயும்போது கட்டி சுருங்கி, பிளந்து, தூளாகிறது. தூளானால் காற்றுப்படும் பரப்பு பெருகும். ஆக்சிஜன் மெல்லச் சேர்வதால் வெப்பம் பிறக்கும். போதாக்குறைக்கு, காய்ந்த கரியில் காற்றின் நீராவி மீண்டும் ஒட்டினால், உலர்த்தியபோது செலவான உள்ளுறை வெப்பம் திரும்ப வெளிவரும். காய்ந்த குவியல்மேல் தூறல் விழுந்தால் குளிர்ச்சிதான் என்று நினைக்க வேண்டாம். உள்ளே சூடு ஏறவும் கூடும்! வெப்பம் பிறப்பது குவியல் முழுவதிலும். வெளியேறுவதோ மேற்பரப்பு வழியாக மட்டும். ஆகவே குவியல் பெரிதாகப் பெரிதாக ஆபத்து அதிகம். யாரும் கொளுத்தாமலே தீப்பிடிக்கும். அதனால்தான் நிலக்கரியை நெடுநாள் குவித்து வைப்பதைத் தவிர்க்கிறார்கள். வைத்தாலும் காற்றுப் புகாதபடி அழுத்தி வைப்பார்கள். நெய்வேலியில் முன்பு தயாரித்த ‘லெக்கோ’ இதற்கு வேறொரு வழி: கரியை உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, காற்றில்லாமல் சூடாக்கிக் கரியாக்கினார்கள்.

ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டாலும் இதே கதைதான். அங்கே முதலில் சூடேற்றுபவை நுண்ணுயிர்கள். சுமார் 70° செ.-இல் அவை மடிந்துவிடும். அதற்குமேல் சூடேற்றும் வேலையை ஆக்சிஜன் ஏற்றுக்கொள்ளும். போட்ட சில நாளில் போருக்குள் ஒரு கம்பியைச் செருகி வைத்துவிட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால், பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். பிரிக்கும்போது காற்றுப் பட்டுத் தீ மூளலாம். ஆகவே பக்கத்தில் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும்.