வாங்கும் முன் அறிய வேண்டியவை: வளர்ப்பு ஃபின்ச்சுகளும் காட்டுச் சில்லைகளும்

மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையிலுள்ள முலுண்ட், மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகளுக்கும் கிழக்கே தானே கழிமுகத்தை ஒட்டிய உப்பளங்களுக்கும் இடையே அமைந்திருப்பதால், புல்விதை உண்டு கூட்டமாக வாழும் சில்லைகளின் வாழிடத்துக்கு மிக அருகிலுள்ள புறநகராகும். அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில், குறைந்த இடமும் குறைந்த செலவும் போதும் என்ற எண்ணத்தில் ஃபின்ச் என்னும் சிறு பறவையை வளர்க்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு: கூண்டில் வளர்க்கச் சட்டம் தடைவிதிக்காத அயல்நாட்டு ஃபின்ச்சும், கூண்டில் வைத்திருப்பதே குற்றமாகும் உள்நாட்டுச் சில்லையும் நெருங்கிய உறவுடைய பறவைகள், பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

எது வளர்ப்புப் பறவை, எது காட்டுப் பறவை?

ஜீப்ரா ஃபின்ச், கோல்டியன் ஃபின்ச் ஆகியவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை; அந்நாடு தன் பறவைகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய நெடுங்காலமாகத் தடை விதித்திருப்பதால், இந்தியக் கடைகளில் கிடைப்பவை கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியவை. பெங்காலீஸ் எனப்படும் ஃபின்ச், வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானில் மனிதரால் உருவாக்கப்பட்ட வளர்ப்பினம். மாறாக, ‘லால் முனியா’ என்று விற்கப்படும் சிவப்புச் சில்லை, புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்தொண்டைச் சில்லை ஆகியவை இந்நாட்டுக் காட்டுப் பறவைகள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்கிறது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இத்தகைய குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வாங்கியவரின் நல்லெண்ணமோ, பறவையின் மீது அவர் காட்டும் அன்போ அதற்கு விலக்காகாது.

வலையில் பிடிபட்ட பறவையைச் சில அடையாளங்களால் இனங்காணலாம். கூண்டை நெருங்கியதும் கம்பியில் மோதிக்கொண்டே இருப்பது, அலகின் அடிப்பகுதியும் நெற்றியும் தோலுரிந்து சிவந்திருப்பது, வால் இறகுகள் முறிந்திருப்பது ஆகியவை ஐயத்துக்குரியவை. மங்கிய நிறமுடைய சில்லைகளுக்குப் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்புச் சாயம் பூசி அயல்நாட்டுப் பறவையென விற்கும் வழக்கமும் உண்டு. இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஈரமானவைபோல் தெரிந்தாலோ, தொட்ட விரலில் நிறம் படிந்தாலோ, அப்பறவையை வாங்கலாகாது.

அயல்நாட்டுப் பறவைகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஜாவா குருவி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால், 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அதை வைத்திருப்போர் அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஜீப்ரா ஃபின்ச் இப்பட்டியலில் இல்லை.

கூண்டுக்குள் வரும் ஆபத்துகள்

சட்டம் தடைவிதிக்காத பறவையாயினும் அதைத் துன்புறுத்தாமல் வளர்ப்பது வளர்ப்பவரின் கடமை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உயிரினம் இயல்பாக அசைவதற்குப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் அடைப்பதைக் குற்றமாகக் கருதுகிறது. ஃபின்ச்சுகள் மேலும் கீழுமாக அல்லாமல் பக்கவாட்டில் பறப்பவை என்பதால், உயர்ந்து குறுகிய கூண்டைவிட நீண்ட கூண்டே ஏற்றது. அவை கூட்டமாக வாழ்பவை என்பதால் ஒற்றைப் பறவையாக வளர்ப்பதும் கொடுமையே.

பறவையின் நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் மூச்சுக்காற்றை உடல் முழுவதும் கொண்டுசெல்வதால், நச்சுப்புகை அதை மிக விரைவில் தாக்குகிறது. சமையலறையும் கூடமும் அடுத்தடுத்து அமைந்த சிறு வீடுகளில், வெற்றாக அடுப்பில் காய்ந்த நான்ஸ்டிக் தவாவின் புகை சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடலாம். கொசுவர்த்தி, ஊதுவத்திப் புகையும் கூண்டருகில் கூடாது. மழைக்காலத்தில் ஈரம் கோத்த தினையிலும் சாமையிலும் பூஞ்சை படர்ந்து நஞ்சாவதால், சிறிதளவாக வாங்கி மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. கால்சியம் குறைந்த பெட்டைக்கு முட்டை வெளிவராமல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், கணவாய் ஓடு கூண்டில் எப்போதும் இருக்க வேண்டும். நோயை மறைப்பது சிறு பறவைகளின் இயல்பாகையால், இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் அமர்ந்திருக்கும் பறவையை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மனிதருக்கும் ஆபத்து உண்டு. காய்ந்த எச்சமும் இறகுத் தூசியும் நெடுநாள் மூச்சில் கலந்தால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி உண்டாகும். ஆஸ்துமா உள்ளோர் வீட்டில் கூண்டை வைப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பதும், எச்சத்தை நனைத்தபின் துடைப்பதும், பின்னர் சோப்பால் கை கழுவுவதும் அவசியம்.

தீர்வுகள்

2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே பதிவுச் சான்றையும், இனத்தின் பெயர் எழுதிய ரசீதையும் கேட்பது வாங்குபவரின் உரிமை. ரசீது தர மறுக்கும் இடத்தில் வாங்காமல் திரும்புவதே முதல் பாதுகாப்பு. காட்டுச் சில்லைகள் விற்கப்படுவதைக் கண்டால், மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்னும் கட்டணமில்லா எண்ணில் இடமும் நேரமும் கூறிப் புகார் செய்யலாம். இரக்கத்தால் அவற்றை விலைகொடுத்து மீட்பது தவறு, ஏனெனில் அந்தப் பணமே அடுத்த வலைக்கு முதலாகிறது.

அறியாமல் வாங்கிய சில்லை வீட்டில் இருந்தால், அதைப் பால்கனியிலிருந்து பறக்கவிடாமல் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சாயமும் காயமும் உள்ள பறவை காகத்துக்கும் பூனைக்கும் இரையாகும். அயல்நாட்டு ஃபின்ச்சையும் வெளியே விடலாகாது: கூண்டு வணிகத்தின் வழியே நாடுவிட்டு நாடு சென்ற இந்தியச் சிவப்புச் சில்லை இன்று ஸ்பெயினில் காட்டுப் பறவையாகப் பெருகியிருப்பது இத்தகைய விடுவிப்பின் விளைவுக்குச் சான்று. நோயுற்ற பறவைகளுக்குப் பரேலிலுள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் விலங்கு மருத்துவமனையை நாடலாம்.

சில்லைகளைக் காணும் ஆசைக்கு முலுண்டில் கூண்டு தேவையில்லை. அருகிலுள்ள பாண்டுப் நீரேற்று நிலையப் புல்வெளிகளில் அவற்றைப் பார்க்கலாம். கூண்டில்தான் வளர்ப்பதென்று முடிவுசெய்வோர், வளர்ப்பினமா காட்டினமா என்பதை உறுதிசெய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்; வாங்குவோர் அனைவரும் இதில் உறுதியாக நின்றால், வலை விரிப்பவருக்குச் சந்தை இல்லாமற் போகும்.